இருநூற்று ஏழிலிருந்து ஓர் அழைப்பு

சாரல் தொடங்குவதற்கு முந்திய மாதத்தில் குற்றாலத்தில் தங்குவதற்கு அநேகமாக யாரும் வருவதில்லை. அருவிப் பாறைகள் வெயிலில் வெளிறிக் கிடக்கும். எண்ணெய் தேய்ப்பவர்கள் வேறு ஊர்களில் வேறு வேலைகளைத் தேடிப் போயிருப்பார்கள். விடுதிகளின் நடைகளில் மெத்தைகளைச் சுவரோடு சாய்த்து நிறுத்தியிருப்பார்கள். அப்படியொரு மே மாதத்தில், மேலகரத்தைத் தாண்டிச் சாலையோரம் இருக்கும் ஒரு விடுதியின் மாடியில், இருநூற்று ஏழாம் எண் அறையில், தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் நான் பல பகல்களைக் கழித்தேன்.

அது என் வேலையின் ஒரு பகுதி. தென்காசியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துவந்தேன். பன்னிரண்டாம் வகுப்போடு வீட்டில் நிறுத்தப்படும் பெண்களை வேலைக்கு ஆயத்தப்படுத்துவதை, யாரும் கேட்காமலே என் விடுமுறைக் கடமையாக ஆக்கிக்கொண்டிருந்தேன். ஆறு வாரப் பயிற்சி. விண்ணப்பம் எழுதுவது, நேர்காணலில் உட்காருவது, தெரியாததைத் தெரியாது என்று கூசாமல் சொல்வது. அந்த விடுதியின் மேலாளரை ஊரே அண்ணாச்சி என்றுதான் அழைக்கும். ஆளில்லாத மாதத்தில் அவர் வரவேற்பு மேசையையும் அறைகளையும் எங்களுக்காகத் திறந்துவிடுவார். பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கீழே மேசையில் உட்காருவார்கள். நான் ஏதாவது ஓர் அறையிலிருந்து விருந்தினர்போல் அழைப்பேன். வெந்நீர் வரவில்லை என்பேன், பக்கத்து அறையில் சத்தம் என்பேன், கோபப்படுவேன். அவர்கள் சமாளிக்கப் பழகுவார்கள்.

பேசாமல் அழைக்கும் முறையை நான் பின்னர்தான் சேர்த்தேன். அதற்கு முந்திய ஆண்டு என் மாணவி ஒருத்தி தொலைபேசி வழியாக நடந்த நேர்காணல் ஒன்றில் தோற்றுப்போனாள். எல்லாக் கேள்விகளுக்கும் நன்றாகவே விடை சொன்னாள். இடையில், மறுமுனையில் இருந்தவர் எதையோ எழுதிக்கொள்வதற்காகச் சற்றே பேசாமலிருந்திருக்கிறார். அந்த இடைவெளியை அவளால் தாங்க முடியவில்லை. தன் விடை தவறு என்று நினைத்து அதை மாற்றிச் சொன்னாள். பிறகும் பதில் வராமற்போகவே மன்னிப்புக் கேட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பேசாமல் நின்றால் ஏதோ குற்றம் நடந்திருக்கிறது என்று பொருள். பன்னிரண்டு ஆண்டுகள் அப்படிப் பழகிய பிள்ளை வேறு என்ன செய்வாள்?

ஆகவே இருநூற்று ஏழைத் தேர்ந்துகொண்டேன். நடையின் கடைசி அறை அது. சாலைச் சத்தம்கூட அங்கே எட்டாது. மலையைப் பார்த்த சுவரில் அந்தக் கோடையிலும் ஈரம் ஊறும் ஓதத்தின் கறை ஆளுயரத்துக்குப் படர்ந்திருந்தது. அதன் அருகே நாற்காலியைப் போட்டு, தொலைபேசியை எடுப்பேன். எடுத்தவுடனே கீழே வரவேற்பில் மணியடிக்கும். எண் எதையும் அழுத்த வேண்டியதில்லை.

மேசையில் இருப்பவள் மூன்று வாக்கியங்கள் சொல்ல வேண்டும். முதலில் வணக்கமும் விடுதியின் பெயரும். பிறகு, ‘கேட்டுக்கிட்டு இருக்கேன், சொல்லுங்க.’ அதற்கும் பதில் இல்லையென்றால், ‘எப்ப வேணும்னாலும் சொல்லுங்க, நான் இங்கதான் இருப்பேன்.’ அதன் பிறகு காத்திருக்க வேண்டும். அழைத்தவர் வைக்கும்வரை அவள் வைக்கக் கூடாது. இதுதான் விதி.

பெரும்பாலோர் அரை நிமிடத்தில் சிரித்துவிடுவார்கள். ‘டீச்சர், மூச்சு வாங்குதது கேக்குது, பிரஷர் மாத்திர போட்டியளா?’ என்பாள் ஒருத்தி. ‘ஏட்டி, தள்ளு, நான் கேக்கேன்’ என்று இன்னொருத்தி தொலைபேசியைப் பிடுங்குவாள். மேலே நான் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சற்று நேரம் கழித்து ஒரு விசித்திரம் நேரும். பேசக் கூடாது என்று இருக்கிறேன் என்பது மறந்துபோய், பேச முடியாதவளாக இருக்கிறேன் என்று தோன்றத் தொடங்கும். கீழே இருக்கும் உயிருள்ள குரல்கள் வெகு தொலைவில் கேட்கும். தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொள்வேன்.

மேலகரத்துப் பெண் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. நெல் விவசாயம் செய்யும் வீடு. தகப்பனார் நிலத்தோடு ஒரு வாடகை வண்டியும் ஓட்டினார். வகுப்பில் நான்காம் வரிசையில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பேசுகிறவள். மூன்று வாக்கியங்களையும் சொல்லி முடித்துவிட்டு, மறுமுனையில் இருப்பவர் பேசாமலிருப்பது அவருடைய உரிமை என்பதுபோல் அவள் காத்திருந்தாள். பதற்றமில்லை, பெருமூச்சில்லை. எவ்வளவு நேரம் என்று பார்க்க நினைத்து, கடைசியில் நான்தான் முதலில் வைத்தேன். கை மரத்துப்போயிருந்தது.

பயிற்சியின் இறுதி நாளில் எல்லோரிடமும் சொன்னேன்: “வேலைக்குப் போய்விட்டோம் என்று அசட்டையாக இருக்காதீர்கள். அங்கேயும் ஒரு நாள் பேசாமல் அழைப்பேன். எப்போது என்று சொல்ல மாட்டேன்.” பாதி விளையாட்டாகச் சொன்னது. ஒருத்தியையும் நான் அப்படி அழைத்ததில்லை. சொன்னதையே மறந்துவிட்டேன்.

அண்ணாச்சி அந்த மேலகரத்துப் பெண்ணையே தம் விடுதிக்கு எடுத்துக்கொண்டார். “மூணு மாசம் பாப்போம் டீச்சர். தாக்குப் பிடிச்சு நின்னான்னா நிரந்தரம்” என்றார். அந்த வாரமே அவளுடைய அம்மா என் வீட்டுக்கு வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“செங்கோட்டையில ஒரு இடம் வந்திருக்கு டீச்சர். பையன் பட்டாளத்துல இருக்கான். ஆடியில எதுவும் பேசமாட்டோம்லா, அதனால அவுகளும் பொறுத்திருக்காவ. அதுக்குள்ள வேல நிலைச்சுதுன்னா அஞ்சல் வழியில படிச்சுக்கிட்டே போகட்டும்னு அவ அப்பா சொல்லுதாவ. நிலைக்கலேன்னா ஆவணி பொறந்ததும் தட்டு மாத்திருவோம். நீங்க ஒண்ணும் நெனச்சிக்கிடாதிய.”

பதினெட்டு வயது நிரம்பி இரண்டு மாதம் ஆகியிருந்தது அவளுக்கு. கல்யாணம் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று பலமுறை கேட்டுப் பார்த்தேன். தலை குனிந்துகொள்வாள். அதைப் பற்றி என் முன்னால் அவள் வாய் திறந்ததில்லை.

ஆடி பிறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. அன்று சனிக்கிழமை. காலையில் அண்ணாச்சி அழைத்தார்.

“டீச்சர், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. புள்ளைக்கு என்னமோ சரியில்ல.”

“உடம்புக்கா?”

“உடம்புன்னா பரவாயில்லயே. கவுண்டர்ல ஆளு வரிசையா நிக்காங்க, இவ போனைக் காதுல வச்சுக்கிட்டு ஆடாம அசையாம இருக்கா. கா மணி நேரம், அர மணி நேரம். சமயத்துல மெதுவா என்னமோ பேசுதா. யாருட்டன்னு கேட்டா இருநூத்தி ஏழுங்கா.”

“இருநூற்று ஏழில் யார் இருக்கிறார்கள்?”

“அங்கன யாரு இருக்கா? சீசனுக்கு முன்னாடியே பூட்டிப் போட்டாச்சு, சுவரெல்லாம் ஓதம். அதுல இருந்த போனைக்கூடக் கழத்தி நூத்தி மூணுல மாட்டிட்டேன். போனே இல்லாத ரூம்ல இருந்து போன் வருதுன்னா நான் என்னத்தச் சொல்ல? கூட்டிப் பெருக்குத அம்மா, புள்ளைக்குக் கோட்டி பிடிச்சிட்டு, தனியாப் பேசுதான்னு அவ வீட்டுல போயி சொல்லிட்டு வந்துட்டா. அவ அம்மா இன்னைக்குக் கூட்டிட்டுப் போக வாராளாம். நல்ல புள்ள டீச்சர். ஆனா யாவாரம்னு ஒண்ணு இருக்குல்லா.”

பேருந்தில் போகும்போது மலை தெரியவில்லை. மேகம் நெல்வயல்கள்வரை இறங்கியிருந்தது. கண்ணாடியில் சாரல் துளிகள் விழுவதுகூடத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. எனக்கு அமானுஷ்யங்களில் நம்பிக்கையில்லை. ஆனாலும், எந்த அறையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதை நினைக்க நினைக்க, அதன் ஓத வாடை பேருந்துக்குள்ளேயே வந்துவிட்டதுபோல் இருந்தது.

விடுதியில் அப்போது கூட்டம் வடிந்திருந்தது. தங்கியவர்கள் அருவிக்குப் போயிருந்தார்கள். தரையெங்கும் ஈரத் தடங்கள். அவள் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நீல நிறச் சீருடையில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாளே தவிர, கண்களில் தெளிவு இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒன்றைப் பகிர்வதுபோல் சிரித்தாள்.

“என்ன டீச்சர், இன்னைக்கு நேர்லயே வந்துட்டிய?”

எனக்குப் புரியவில்லை. மேசைக்குள்ளே போய் அவள் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தபடி, “வேலை எப்படிம்மா போகிறது?” என்று கேட்டேன்.

“அதான் தினமும் கேக்கியளே” என்றாள், அதே சிரிப்போடு.

அந்த நேரம் தொலைபேசி மணியடித்தது. அதன் சிறு சாளரத்தில் எண் எரிந்தது. இரண்டு, பூஜ்யம், ஏழு.

அவள் வழக்கம்போல் கையை நீட்டினாள். கை பாதி வழியில் நின்றது. எண்ணைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து ஒவ்வொன்றாக எல்லாம் வடிவதை நான் கண்டேன். முதலில் சிரிப்பு. பிறகு நிறம். பிறகு, இத்தனை நாள் அவளை அங்கே உட்காரவைத்திருந்த ஏதோ ஒன்று.

“நீங்க இங்கன இருக்கிய” என்றாள். “அப்போ அங்கன யாரு?”

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான், என்னுடைய விளையாட்டு வாக்கியம் என் நினைவுக்கு வந்தது. ஒரு நாள் பேசாமல் அழைப்பேன். எப்போது என்று சொல்ல மாட்டேன்.

அவள் எடுத்துவிட்டாள். வணக்கமும் விடுதியின் பெயரும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். மூன்றாவது வாக்கியம் வரவில்லை. நான் தொலைபேசியை அவள் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்தேன்.

ஓர் இரைச்சல். தூரத்து அருவியை மூடிய கதவுக்குள்ளிருந்து கேட்பதுபோல. அது சீராக இல்லை. ஏறி, தணிந்து, மறுபடி ஏறியது, உறங்காமல் படுத்திருப்பவரின் மூச்சைப்போல. சொல் எதுவும் இல்லை. ஆனால் யாரும் இல்லாத வெறுமையாகவும் அது இல்லை. காத்திருப்பதாகவே பட்டது. மே மாதத்தில் மேலே உட்கார்ந்து நான் இவர்களுக்கு அனுப்பிய மௌனம் இந்த முனையில் இப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். நான் எழுந்து வந்த பிறகும் அது எழுந்து வரவில்லை என்று ஒரு கணம் நம்பினேன். வைக்க வேண்டும் என்று அறிவு சொன்னது. கை வைக்கவில்லை. அவள்தான் கை நீட்டி இணைப்பைத் துண்டித்தாள்.

கேட்ட இரைச்சலைச் சொல்லி, அண்ணாச்சியை அழைத்துக்கொண்டு மூவரும் மாடி ஏறினோம். நடையில் பகலிலேயே விளக்கு எரிந்தது. இருநூற்று ஏழின் பூட்டு துருப்பிடித்துச் சாவிக்கு வெகுநேரம் இணங்கவில்லை. கதவு திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. கட்டிலில் மெத்தையில்லை. நான் உட்கார்ந்த நாற்காலி, நான் விட்டுப்போன கோணத்திலேயே சுவரைப் பார்த்துக் கிடந்தது. அந்தப் பெண் வாசலில் நின்றுவிட்டாள். கறை இப்போது ஆளுயரத்தைத் தாண்டிக் கூரையைத் தொட்டிருந்தது. அதன் நடுவே, தொலைபேசியைக் கழற்றிய இடத்தில், இரண்டு மெல்லிய கம்பி முனைகள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. மேலிருந்து நீர் கோடாக வழிந்து அவற்றின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“தூ! மோட்டாரு! பத்தர மணிக்கு மோட்டார் போடுதோம், டேங்க் நிறைஞ்சு இந்தச் சுவர் வழியாத்தான் வழியுது. ரெண்டு வயரும் தண்ணியில ஒட்டிக்கிட்டா போனை எடுத்த மாதிரில்லா ஆயிருது. கீழ மணி அடிக்கத்தான செய்யும். அந்த இரைச்சல்கூட ஈரத்துல கசியுதது. மோட்டாரை அமத்தி, சுவரு கொஞ்சம் வத்துனா தானே நின்னுரும்.” அவர் முகம் நிம்மதியில் விரிந்தது. பிறகு அவளிடம் திரும்பினார். “ஆமா, பேச்சே வரலைன்னா வச்சுட்டுப் போவேண்டியதுதான? எதுக்கு ஏட்டி அர மணி நேரம் காதுல ஒட்ட வச்சிருந்த?”

அவள் என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். அந்த விதியை, அதற்கான காரணத்தை, கடைசி நாளில் சொன்ன விளையாட்டை. அவள் குறை எதுவும் இல்லை, நான் கற்றுக்கொடுத்ததை என் மாணவிகளில் இவள் ஒருத்திதான் முழுமையாகச் செய்தாள், தவறு கற்றுக்கொடுத்ததில் இருக்கிறது என்றேன். அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். “வாத்தியார் வேல பாத்தவுக கூட்டுக்கே போவக்கூடாது போலயே!” என்று சொல்லிக்கொண்டே மின்பணியாளரை அழைக்கப் போனார்.

நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். அவள் அந்தக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ, நான் சொன்னது எதுவும் நீங்க கேக்கலையா டீச்சர்?”

“என்ன சொன்னாய்?”

“தினமும் சொன்னேன். மொத வாரம் சும்மா இருந்தேன். அப்புறம், நீங்கதானேன்னு நெனச்சு… நேர்ல உங்ககிட்ட எனக்குப் பேச்சு வராது. போன்ல நீங்க ஒண்ணும் கேக்க மாட்டிய, திட்ட மாட்டிய. கல்யாணம் வேண்டாம்னு சொன்னேன். வீட்டுல யாருட்டயும் சொல்ல முடியலைன்னு சொன்னேன். ஒருநாள் அழுதேன்.” கம்பிகளின் பக்கம் கையைக் காட்டினாள். “நான் சொல்லி முடிச்சதும்தான் ஒவ்வொரு நாளும் அங்கன வைப்பாங்க. டக்குனு ஒரு சத்தம். முழுசாக் கேட்டுட்டு வைக்குத மாதிரி.”

அண்ணாச்சியின் விளக்கத்தை அவளுக்கு நான் திரும்பச் சொல்லியிருக்கலாம். மோட்டாரை அமர்த்துவார்கள், சுவர் வற்றும், அழைப்பு நின்றுவிடும். ஆனால் அது ஒவ்வொரு நாளும் அவள் முடிக்கும்வரை பொறுத்திருந்தது ஏன் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. இன்றும் தெரியாது. ஒரு பெண் பல வாரங்களாக என்னிடம் பேசியிருக்கிறாள். நான் அங்கே இல்லை. சுவரில் வழிந்த தண்ணீர் இருந்திருக்கிறது. அவளிடம் நான் கேட்க முடிந்ததெல்லாம் ஒன்றுதான்.

“இப்போது சொல்லேன் அம்மா. நான் கேட்கிறேன்.”

“சொல்லியாச்சு டீச்சர்” என்றாள். கோபம் இல்லை அதில். “இனி உங்ககிட்ட சொல்லி என்ன?”

கீழே இறங்கியபோது அவளுடைய அம்மா வந்திருந்தாள். குடையை மடக்காமலே வாசலில் நின்றாள். கையில் விபூதிப் பொட்டலம் இருந்தது. அண்ணாச்சி மோட்டாரைப் பற்றியும் கம்பியைப் பற்றியும் விளக்கிக்கொண்டிருந்தார். “புள்ளைமேல ஒரு குத்தமும் இல்ல, மூணு மாசம் முடியட்டும், நானே நிரந்தரம்னு எழுதித் தாரேன்” என்றார். அம்மாவின் காதில் அது ஏறியதாகத் தெரியவில்லை. ஊர் பேசத் தொடங்கிவிட்ட பிறகு மோட்டார் என்ன செய்யும்?

“கம்பியோ காத்தோ, எனக்கு ஒண்ணும் வேண்டாம். கிளம்புட்டி” என்றாள். “செங்கோட்டைக்காரங்க காதுல விழுததுக்குள்ள வீட்டுக்கு வா.”

நான் பேச வாயெடுத்தேன். அந்தப் பெண் என்னைத் தாண்டிப் போய் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் பதிவேட்டின்மேல் வைத்தாள்.

“எனக்குக் கல்யாணம் இப்ப வேண்டாம்மா. நான் இங்கதான் இருப்பேன்.”

அம்மா பதில் சொல்லவில்லை. குடையிலிருந்து நீர் சொட்டியது. நான் அறிந்த எந்தப் பெண்ணும் அந்த இடத்தில் உடைந்திருப்பாள். சொன்னதை மாற்றிச் சொல்லியிருப்பாள், மன்னிப்புக் கேட்டிருப்பாள், எழுந்து பின்னால் போயிருப்பாள். அவள் அசையவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி, அம்மா பேசாமலிருப்பது அம்மாவின் உரிமை என்பதுபோல் காத்திருந்தாள். அருவியிலிருந்து திரும்பிய குடும்பம் ஒன்று தலை சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்து சாவி கேட்டது. அவள் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி அம்மாவைப் பார்த்தாள்.

கடைசியில் அம்மாதான் முதலில் கண்களை எடுத்தாள். விபூதிப் பொட்டலத்தை மேசையில் வைத்தாள். “சாயங்காலம் சோத்துக்கு நேரத்தோட வந்து சேரு” என்று சொல்லிவிட்டுச் சாரலில் இறங்கினாள்.

அவள் நிரந்தரமானாள். ஆவணியில் செங்கோட்டைக்காரர்கள் வேறு வீட்டில் தட்டு மாற்றிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த மே மாதம் பயிற்சிக்கு நான் வேறு இடம் பார்த்துக்கொண்டேன். பேசாத அழைப்பைக் கைவிட்டேன்.

ஒருமுறை, சாரல் நாளொன்றில், தென்காசிப் பேருந்து நிலையத்திலிருந்து அவளுடைய விடுதிக்கு அழைத்தேன். என் மாணவி ஒருத்திக்கு அங்கே வேலை இருக்குமா என்று கேட்பதற்காக. மணி ஒருமுறை அடிப்பதற்குள் எடுத்தாள். வணக்கம் சொன்னாள், விடுதியின் பெயரைச் சொன்னாள். நிதானமான, தெளிவான குரல்.

“நான்தான் அம்மா, டீச்சர்” என்றேன்.

“கேட்டுக்கிட்டு இருக்கேன், சொல்லுங்க.”

மறுபடி சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. அந்த மழையில் என் கைபேசியின் இணைப்பு ஒரு பக்கமாக மட்டுமே வேலை செய்தது. அவள் மூச்சுவிடுவதுகூட எனக்குக் கேட்டது. பின்னால் யாரோ வாளி கேட்பதும், அண்ணாச்சி யாரையோ வைவதும் கேட்டன. என் குரல் மட்டும் எங்கேயோ நின்றுவிட்டது. கூட்டத்தின் நடுவே நின்று, குரலை உயர்த்தி என் பெயரைச் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பக்கத்தில் ஒன்றும் நிகழவில்லை.

‘நான் இங்கதான் இருப்பேன்’ என்ற அந்த மூன்றாவது வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன்.

“பேச்சு வரலைங்க. வைக்கேன்” என்றாள். வைத்துவிட்டாள்.